ஸ்டுடியோவில் இனித்தது, கேமில் இளிக்கிறது: வினோத ஒலிகளுக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

பெங்களூரு அல்சூரில் என் வேலை அறைக்குச் சுவர் ஒட்டி ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. ஸ்பீக்கரை ஓட விட்டிருக்கும்போது யார் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இப்ப கேட்டது கேமா, பட்டறையா?" கிண்டலுக்குக் கேட்டாலும் எங்கள் தொழிலில் உண்மையான கேள்வியே அதுதான். சிந்தசைசர் (மின்னணுவில் ஒலி உண்டாக்கும் கருவி), உடுக்கை, எவர்சில்வர் அண்டா, மாவு அரைக்கும் கிரைண்டர் என்று கையில் கிடைத்ததை வைத்து வீடியோ கேமுக்கு ஒலி செய்கிறவனுக்குக் கரகரப்பு ஒரு குற்றமே இல்லை. உறுமி மேளம் முனகுவதைக் கேட்டு யாராவது தோல் கிழிந்துவிட்டது என்பார்களா? நான் அழைத்து வந்த முனகல் சரக்கு, அழையாமல் வந்த முனகல் கோளாறு. இரண்டும் காதுக்கு ஒரே மாதிரி இருக்கும் என்பதுதான் சிக்கல்.

அதனால் எந்தக் குமிழையும் திருகும் முன் மூன்று சோதனை. முதலாவது, அந்த ஒலியை மட்டும் வேவ் கோப்பாக எடுத்துச் சாதாரண பிளேயரில் போட்டுக் கேளுங்கள். அங்கேயும் கோளாறு கேட்டால் பிழை சிந்தசைசரிலோ ஏற்றுமதியிலோ இருக்கிறது. கேட்கவில்லை என்றால் கேமை ஓட்டும் மென்பொருளான கேம் எஞ்சினைப் பிடியுங்கள். இரண்டாவது, ஸ்வரத்தை மாற்றி வாசியுங்கள். கோளாறும் கூடவே நகர்கிறதா, இடம் மாறாமல் நிற்கிறதா, எதிர்த் திசையில் ஓடுகிறதா? மூன்றாவது, வேறு ஹெட்போன், வேறு போன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றிச் சரியாகிவிட்டால் எது குணமாக்கியது என்று கடைசிவரை தெரியாது.

இனி அறிகுறிகள். உங்களுக்குப் பொருந்துவதற்கு நேரே போய்க்கொள்ளலாம்.

லூப் திரும்பும் இடத்தில் ‘டிக்’

எல்லோருக்கும் வரும் முதல் நோய். பின்னணி ரீங்காரம் 30 விநாடி ஓடி, திரும்ப ஆரம்பிக்கும் இடத்தில் நகத்தால் சுண்டியதுபோல் ஒரு சத்தம். ரீப்பரிலோ வேறு மென்பொருளிலோ அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். கடைசிப் புள்ளி மேலேயும் முதல் புள்ளி கீழேயும் நின்றால் ஸ்பீக்கர் ஒரே தாவாகத் தாவுகிறது, அதுதான் ‘டிக்’. இரண்டையும் பூஜ்யக் கோட்டில் வெட்டினால் போதும் என்பார்கள். போதாது. முடிவில் அலை கீழே இறங்கிக்கொண்டிருக்க, தொடக்கத்தில் மேலே ஏறினால் அந்த ஒடிவும் காதில் படும். சரிவும் ஒத்துப்போக வேண்டும். அதைத் தேடிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லாவிட்டால் 5 முதல் 10 மில்லிவிநாடிக்கு ஒரு கிராஸ்ஃபேட் (முடிவைத் தேய்த்துத் தொடக்கத்தை அதன் மேலே ஏற்றுவது) போட்டுவிடுங்கள்.

‘டிக்’ போய்விட்டது, ஆனால் திரும்பும் இடத்தில் மூச்சு அடைத்ததுபோல் ஒரு வெறுமை தட்டுகிறதா? அது ரிவெர்ப்பின், அதாவது தேய்ந்து அடங்கும் எதிரொலியின், வால் வெட்டுப்பட்டதால். லூப்பை அடுத்தடுத்து இரண்டு முறை ஓட்டி, இரண்டாவது சுற்றை மட்டும் வெட்டி எடுங்கள். முதல் சுற்றின் வால் இரண்டாவதின் தலையில் தானாகவே ஏறியிருக்கும்.

வெறுமைக்குப் பதில் ஒலியின் நிறம் சட்டென்று மாறினால் ஃபில்டரை மெதுவாக அசைக்கும் எல்எஃப்ஓவைப் பாருங்கள். 0.13 ஹெர்ட்ஸில் அசையும் ஃபில்டர் 30 விநாடியில் 3.9 சுற்று போகிறது. அந்தப் பத்தில் ஒரு பங்கு குறைதான் காதில் விழுகிறது. 0.1333 ஹெர்ட்ஸ் வைத்தால் சரியாக 4 சுற்று.

இத்தனையும் செய்த பிறகும் இடைவெளி இருந்தால், கோப்பு எம்பி3 ஆக இருக்கும். எம்பி3 ஒலியை 1152 மாதிரிகள் (ஒலி அலையை அளந்து எழுதிய புள்ளிகள்) கொண்ட கட்டுகளாகத்தான் கட்டும். உங்கள் லூப் அந்தக் கட்டுக்குள் அளவாக அடங்காது, தலையிலும் வாலிலும் மௌனம் ஒட்டிக்கொள்ளும். லூப்புக்கு எம்பி3 வேண்டாம். ஆக் வோர்பிஸோ வேவோ போதும்.

லூப்பில் இல்லை, ஒவ்வொரு ஸ்வரமும் தொடங்கும்போதும் முடியும்போதும் ‘டப்’ என்கிறது என்றால் சங்கதி வேறு. அலை முழுவதும் நடுக்கோட்டை விட்டு மேலேயோ கீழேயோ குடியேறியிருக்கும். எஃப்எம் சிந்தசிஸில் (ஒரு அலை இன்னொன்றின் அதிர்வெண்ணை ஆட்டி ஒலி செய்யும் முறை) ஆட்டப்படும் கேரியரும் ஆட்டும் மாடுலேட்டரும் 1:1 விகிதத்தில் இருந்தால் இது வரலாம், ஏனென்றால் அப்போது பிறக்கும் பக்க அலைகளில் ஒன்று 0 ஹெர்ட்ஸிலேயே போய் விழுகிறது. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஒரு ஹை-பாஸ் ஃபில்டர் வைத்தால் தீர்ந்தது.

மேல் ஸ்தாயிக்குப் போனால் சம்பந்தமில்லாத ஸ்வரம் ஒன்று கூடப் பாடுகிறது

இதற்குக் கொஞ்சம் நின்று கணக்குப் போட வேண்டும். ஆனால் ஒரு தடவை புரிந்துவிட்டால் பாதி கோளாறுகளை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

48,000 ஹெர்ட்ஸ் மாதிரி வேகத்தில் 24,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் எழுத முடியாது. எழுத முயன்றால் அது காணாமல் போகாது, மடிந்து கீழே வந்துவிடும். 5,000 ஹெர்ட்ஸில் ஒரு ரம்பப் பல் அலையை எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் செய்து பாருங்கள். அதன் துணை அலைகள் 10,000, 15,000, 20,000 என்று ஒழுங்காகப் போகும். அடுத்தது 25,000. அதற்கு இடமில்லை, அதனால் 23,000 ஆக மடியும். 30,000 என்பது 18,000. 35,000 என்பது 13,000. 40,000 என்பது 8,000. 45,000 மடிந்து 3,000 ஹெர்ட்ஸில் வந்து உட்காரும். நீங்கள் வாசித்த ஸ்வரத்துக்கும் கீழே, எந்த ராகத்திலும் சேராத ஒரு குரல்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. ஸ்வரத்தை மெதுவாக மேலே இழுத்துக்கொண்டே போங்கள். எல்லாம் ஏறும்போது ஏதாவது ஒன்று மட்டும் கீழே இறங்கினால் அது மடிந்த அலை. வேறெதுவும் அப்படி நடந்துகொள்ளாது.

மருந்து மூன்று. அலையை உண்டாக்கும் ஆசிலேட்டரில் 24,000-க்குள் அடங்கும் (பேண்ட்-லிமிடெட்) அலை வகை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்டார்ஷன், வேவ்ஷேப்பர் போன்ற அலையைச் சிதைக்கும் கருவிகளில் ஓவர்சாம்பிளிங் (உள்ளே மாதிரி வேகத்தைக் கூட்டிக் கணக்கிடுவது) 4 மடங்கு வையுங்கள். மூன்றாவது எஃப்எம்காரர்களுக்கு: ஸ்வரம் ஏற ஏற, மாடுலேட்டர் ஆட்டும் அளவான இண்டெக்ஸைக் குறையுங்கள்.

மூன்றாவதை விளக்கிவிடுகிறேன். எஃப்எம் சிந்தசிஸை ஸ்டான்ஃபோர்டில் 1967-இல் கண்டெடுத்தவர் ஜான் சௌனிங். யமஹா அதற்கு உரிமம் வாங்கி, 1983-இல் டிஎக்ஸ்7 என்ற சிந்தசைசராக விற்றது. நாலு ஆப்பரேட்டர் (எஃப்எம் அலை உண்டாக்கும் அலகு) கொண்ட யமஹா சில்லு ஒன்று பிறகு சேகா மெகா டிரைவ் கேம் கருவிக்குள்ளும் போய் உட்கார்ந்தது. கேம் இசையில் அந்த உலோகச் சாயல் வந்த வழிகளில் அதுவும் ஒன்று. கோயில் மணி மாதிரி ஒலிக்கு விகிதம் 1:1.4 நன்றாக வேலை செய்யும். கேரியர் 2,000, மாடுலேட்டர் 2,800 ஹெர்ட்ஸ், இண்டெக்ஸ் 8 என்று வைத்தால் பக்க அலைகள் ஏறக்குறைய இண்டெக்ஸோடு ஒன்று கூட்டிய எண்ணிக்கைக்குப் பலமாக நீளும். 2,000 + 9 × 2,800 = 27,200. 24,000 என்ற கூரையைத் தாண்டிவிட்டது. இண்டெக்ஸை 6 ஆக்கினால் 21,600, கூரைக்குள் அடங்குகிறது. கீழ் ஸ்தாயியில் 8 இருக்கட்டும், மேலே போகப் போக 6, 4 என்று இறங்கட்டும். டிஎக்ஸ்7-இல் விசைக்கேற்ப அளவைக் குறைக்கும் வசதி ஒவ்வொரு ஆப்பரேட்டருக்கும் உண்டு, இப்போதைய மென்பொருள் எஃப்எம்களிலும் பெரும்பாலும் இருக்கும்.

கம்பி நாதம் கீழே சேர்கிறது, மேலே பிசகுகிறது

மேலே சொன்னதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே அந்நியக் குரல் எதுவும் வராது, ஸ்வரமே ஸ்ருதியை விட்டுச் சற்று விலகும். கெவின் கார்ப்ளஸ், அலெக்ஸ் ஸ்ட்ராங் இருவரும் 1983-இல் வெளியிட்ட முறையில் கம்பி ஒலி செய்தால் இது கட்டாயம் வரும். ஒரு சிட்டிகை இரைச்சலை டிலேயில் (ஒலியைத் தாமதித்துத் திரும்பத் தரும் அமைப்பு) போட்டுச் சுற்ற விட்டு, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் மழுக்கினால் கம்பி மீட்டியதுபோல் கேட்கும். வெறும் பத்து வரி கோடுக்கு இவ்வளவு உயிர் வருவதை முதல் தடவை கேட்டபோது நான் சாப்பிட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

டிலேயின் நீளம் முழு எண்ணாக இருப்பதுதான் பிரச்சினை. 1,760 ஹெர்ட்ஸுக்கு 48,000-இல் 27.27 மாதிரி வேண்டும். மழுக்கும் ஃபில்டரே அரை மாதிரி தாமதம் சேர்க்கிறது. மிச்சம் 26.77, அதை 27 ஆக்கினால் மொத்தம் 27.5, கிடைப்பது 1,745 ஹெர்ட்ஸ். அதாவது சுமார் 14 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறக்கம். கீழ் ஸ்தாயியில் டிலே நீளமாக இருப்பதால் இதே பிசகு பெரிதாகத் தெரியாது. டேவிட் ஜாஃப், ஜூலியஸ் ஸ்மித் இருவரும் அதே 1983-இலேயே இதற்கு மருந்து எழுதிவிட்டார்கள்: முழு எண் போக மிஞ்சும் பின்னத்தை தாமதத்தை மட்டும் சேர்க்கும் ஆல்-பாஸ் ஃபில்டரில் கொடுப்பது. நேர்கோட்டு இடைச்செருகலும் வேலை செய்யும், ஆனால் மேல் ஒலிகள் கொஞ்சம் மங்கும். வீணை மாதிரி வேண்டுமானால் அந்த மங்கல் உதவிதான், சந்தூர் மாதிரி வேண்டுமானால் தொல்லை.

மொத்த இசையும் ஏறியிருக்கிறது, எவ்வளவு என்று பிடிபடவில்லை

மல்லேஸ்வரத்தில் வீணை சொல்லித்தரும் அத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். தண்ணீருக்குள் மூழ்கிய கோபுரம் வரும் ஒரு காட்சிக்குத் தம்புரா ரீங்காரம் ஒன்று செய்து வைத்திருந்தேன். முதலில் என் மென்பொருளில் போட்டேன். தலையாட்டினார். பிறகு கேமில் அதே காட்சியைக் காட்டினேன். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னடா இது, ஸ்ருதி ஏறிக் கிடக்கு."

"எவ்வளவு அத்தை? அரைக் கட்டையா, ஒரு கட்டையா?"

கண்ணை மூடி ஷட்ஜத்தை முனகிப் பார்த்தார். "ரெண்டுலயும் இல்லை. முக்கால் கட்டை. எந்தக் கட்டையிலயும் உட்காராம நடுவுல தொங்குது பாரு."

அந்த ‘முக்கால்’தான் துப்பு. நான் தெரியாமல் ஒரு ஸ்வரம் ஏற்றி வைத்திருந்தால் அரைக் கட்டை, ஒரு கட்டை என்று ஏதாவது ஒரு படியில் நின்றிருக்கும். 44,100-இல் பதிவான கோப்பை 48,000 என்று நினைத்து ஓட்டினால் வேகம் 1.088 மடங்கு ஆகும். ஸ்ருதி சுமார் 147 சென்ட் ஏறும், அதாவது அரை ஸ்வரங்களில் ஏறத்தாழ ஒன்றரை. அரைக் கட்டை என்பது ஓர் அரை ஸ்வரம், ஆகவே கட்டைக் கணக்கில் பார்த்தால் முக்காலுக்கு ஒரு மயிரிழை குறைவு. அத்தையிடம் டியூனரும் இல்லை, கால்குலேட்டரும் இல்லை.

இரண்டாவது சாட்சி நேரம். 60 விநாடிப் பாட்டு 55 விநாடியில் முடிந்தால் சந்தேகமே வேண்டாம். திட்டம் முழுவதும் ஒரே வேகம் என்று முடிவு செய்யுங்கள். நாங்கள் 48,000 என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். உங்கள் பிளேயருக்குள் எங்காவது கையால் எழுதிய கோடில் 44100 என்ற எண் நேராகத் தட்டப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். எங்கள் கேமில் இருந்தது. எழுதியவன் நான்.

ஃபில்டர் நகரும்போது மட்டும் ‘ஜிர்ர்ர்’

வீரன் தண்ணீரில் ஆழமாக இறங்க இறங்க ஒலி மங்க வேண்டும். மங்குகிறது, ஆனால் கூடவே தையல் மெஷின் ஓடுவதுபோல் ஒரு அதிர்வு. நின்றால் நிற்கிறது, நகர்ந்தால் வருகிறது. கேம் தன் கணக்குகளை விநாடிக்கு 60 தடவை புதுப்பிக்கிறது. ஒலியோ விநாடிக்கு 48,000. இரண்டு புதுப்பித்தலுக்கு நடுவே 800 மாதிரிகள் ஒரே மதிப்பில் நின்று, பிறகு ஒரு தாவு. ஃபில்டர் சரிவில் இறங்காமல் படிக்கட்டில் இறங்குகிறது. விநாடிக்கு 60 படி என்றால் காதுக்கு அது 60 ஹெர்ட்ஸ் முனகல்தான்.

ஃபில்டருக்கு வரும் மதிப்பை 20 முதல் 50 மில்லிவிநாடி வரை மழுக்கி அனுப்புங்கள். எஃப்மாட், வைஸ் என்ற கேம் ஒலி மென்பொருள்கள் இரண்டிலும் இப்படி வரும் மதிப்பின் மாற்ற வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு உள்ளேயே இருக்கிறது, கோடு எழுத வேண்டியதில்லை. 200 மில்லிவிநாடிக்கு மேல் போகாதீர்கள், வீரன் மேலே வந்து மூச்சு வாங்கிய பிறகும் ஒலி தண்ணீருக்குள்ளேயே இருக்கும்.

எங்கள் புரோகிராமர் தம்பி, தினமும் ஓசூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவன், இதைக் கேட்டதும் "அண்ணா, அப்போ கேமை 120-இல் ஓட்டிடலாமா?" என்றான். ஓட்டலாம். படி சின்னதாகும், முனகல் 120 ஹெர்ட்ஸுக்கு ஏறும். படிக்கட்டு படிக்கட்டாகவே இருக்கும்.

காண்டாக்ட் மைக்கில் பதிவு தகர டப்பா மாதிரி இருக்கிறது

எஸ்.பி. ரோட்டில் மின்னணுப் பொருள் கடைகளில் அதிர்வை மின்சாரமாக்கும் 27 மில்லிமீட்டர் பித்தளை வட்டு பியஸோ எளிதாகக் கிடைக்கும். ஒயர் பற்றவைத்து அண்டாவின் வயிற்றில் ஒட்டினால் அதுதான் காண்டாக்ட் மைக், அற்புதமான கருவி. ஆனால் வீட்டுக்கு வந்து லைன்-இன்னில் சொருகினால் அடி ஒலியே இருக்காது. பலர் பியஸோ மட்டம் என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பாவம், அதன் மேல் குற்றமில்லை.

பியஸோ ஒரு கெப்பாசிட்டர். 27 மில்லிமீட்டர் வட்டு சுமார் 20 நானோஃபாரட். 10 கிலோஓம் லைன்-இன்னில் சொருகினால் இரண்டும் சேர்ந்து 800 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு ஹை-பாஸ் ஃபில்டர் ஆகிவிடுகின்றன. அண்டாவின் கனமான நாதம் முழுக்க அதற்குக் கீழே. அதே வட்டை 1 மெகாஓம் உள்ளீட்டில் கொடுத்தால் வெட்டு 8 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. ஆடியோ இன்டர்ஃபேஸில் கிட்டார் படம் போட்ட பொத்தானோ, ‘இன்ஸ்ட்’ என்ற சுவிட்சோ இருந்தால் அதை அமுக்குங்கள். பெரும்பாலும் 1 மெகாஓம் அதன் பின்னால்தான் இருக்கும். இல்லாவிட்டால் ஒரு எஃப்இடி டிரான்சிஸ்டர் வைத்துச் சின்ன பஃபர் (உள்ளீட்டு மின்தடையைக் கூட்டும் சுற்று) கட்டிக்கொள்ளலாம்.

அடி ஒலி வந்ததும் கூடவே ‘ம்ம்ம்’ என்று ஒரு ஹம் வரும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே 50, 100, 150-இல் பாருங்கள். அந்த இடங்களை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் போடுவதற்கு முன் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதிவு செய்து பாருங்கள். பாதி வீடுகளில் அதிலேயே போய்விடும். பியஸோவுக்குக் கவசமுள்ள ஒயர் கட்டாயம், சாதா ஒயர் ஆன்டெனா மாதிரி எல்லாவற்றையும் பிடித்து வரும்.

ஒலி அடங்கிய பிறகு கம்ப்யூட்டர் திணறுகிறது

இது பேய்க்கதை மாதிரி இருக்கும். அதிரடிச் சண்டையில் ஒன்றும் ஆகாது. எல்லாம் முடிந்து மௌனமாகி, அரை நிமிஷம் கழித்து ஃபேன் இரைய ஆரம்பிக்கும், ஒலி விட்டு விட்டு வரும்.

நீங்களே எழுதிய ரிவெர்ப் அல்லது தன் ஒலியையே திரும்ப உள்ளே விடும் ஃபீட்பேக் டிலே இருந்தால் அதுதான் காரணம். எதிரொலி தேய்ந்து தேய்ந்து, புள்ளிக்குப் பின் 37 சைபர் போட்டு வரும் எண்களாகிவிடும். 32-பிட் மிதவை எண் ஒழுங்காகத் தாங்கும் எல்லை அது. அதற்குக் கீழே போனால் பல பிராசசர்கள் வேகமான வழியை விட்டுவிட்டு மெதுவான வழியில் கணக்குப் போடும். ஏன் ஏறத்தாழ அரை நிமிஷம்? 3 விநாடியில் 60 டெசிபெல் தேயும் ரிவெர்ப் அந்த எல்லைக்கு, அதாவது சுமார் 760 டெசிபெல் கீழே, போய்ச்சேர 38 விநாடி ஆகிறது. உங்கள் ரிவெர்ப் நேரத்தைச் சொன்னால் திணறல் எப்போது ஆரம்பிக்கும் என்று நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஜோசியம் சொல்வேன். பிராசசரில் அந்தக் குட்டி எண்களைப் பூஜ்யமாக்கும் அமைப்பை இயக்குங்கள். முடியாவிட்டால் ஃபீட்பேக்குக்குள் காதுக்கு எட்டாத அளவு இரைச்சல் ஒரு துளி சேருங்கள்.

திணறல் இல்லாமல் கேம் முழுக்கவே சட்டென்று ஊமையாகி, மறுபடி திறந்தால்தான் வாய் பேசுகிறதா? ஃபீட்பேக்குக்குள் எண்ணல்லாத மதிப்பு ஒன்று புகுந்துவிட்டது. சைபரால் வகுத்தது, ரெசனன்ஸ் எல்லை மீறியது, இப்படி ஏதாவது. ஒரு தடவை புகுந்தால் சுற்றிச் சுற்றி எல்லாவற்றையும் தன்னைப்போல் ஆக்கிவிடும். எல்லா ஒலியும் சேரும் மாஸ்டருக்கு முன் ஒவ்வொரு கட்டு மாதிரிகளிலும் சோதித்து, அப்படி ஒன்று கண்டால் அந்த டிலேயைக் காலி செய்யச் சொல்லுங்கள்.

கூட்டமான காட்சியில் பின்னணி இசை காணாமல் போகிறது

எஞ்சினுக்கு ஒரே நேரத்தில் இத்தனை குரல்தான் என்று ஒரு எல்லை உண்டு. யூனிட்டி எஞ்சினில் தானாக அமைந்திருப்பது 32. மழைத்துளி ஒவ்வொன்றையும் தனி ஒலியாகப் போட்டால் 32 எந்த மூலைக்கு? முன்னுரிமை எண்ணில் 0 உயர்ந்தது, 256 தாழ்ந்தது, எதுவும் செய்யாமல் விட்டால் எல்லாமே 128-இல் கிடக்கும். இசையை 0-வில் வையுங்கள், மழையை 200-க்குத் தள்ளுங்கள், காலடிச் சத்தம் ஒரே நேரத்தில் நாலுக்கு மேல் வேண்டாம் என்று கட்டுப்படுத்துங்கள். எல்லையை 64 ஆக்குவதை நான் கடைசியாகத்தான் செய்வேன், விலை குறைந்த போன்கள் திணறும்.

போனில் போட்டால் பாதி ஒலியைக் காணோம்

கேமை மெட்ரோவில் உட்கார்ந்து போன் ஸ்பீக்கரில் விளையாடுகிறவர்கள் நிறையப் பேர். அந்த ஸ்பீக்கரில் 55 ஹெர்ட்ஸ் முனகலைத் தேடாதீர்கள், அங்கே அது இல்லை. சத்தத்தைக் கூட்டினாலும் வராது. ஆனால் காதை ஏமாற்றலாம். 55-இன் மடங்குகளான துணை அலைகள் வரிசையாகக் கேட்டால், அடியில் இல்லாத 55-ஐ மனசே போட்டுக்கொள்ளும். அந்த முனகலுக்கு ஒரு சாச்சுரேஷன் (இலேசான சிதைவு) போட்டு 500 ஹெர்ட்ஸுக்கு மேலும் துணை அலைகள் எழும்படி செய்யுங்கள்.

அடி ஒலி மட்டுமல்ல, நடுவில் இருந்த ஒலியும் குழாய்க்குள் பேசுவதுபோல் ஆனால் ஸ்டீரியோ அகலத்தைச் சந்தேகியுங்கள். ஒரு பக்கத்தை 12 மில்லிவிநாடி தாமதித்து அகலமாக்கியிருந்தால், இரண்டும் மோனோவாகச் சேரும்போது 42 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம், பிறகு ஒவ்வொரு 83 ஹெர்ட்ஸ் இடைவெளிக்கும் ஒன்று என்று சீப்புப் பல் மாதிரி பள்ளங்கள் விழும். மாஸ்டரில் மோனோ பொத்தானை அமுக்கிக் கேட்பதை தினமும் பல் துலக்குவதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் அகலமாக்க வேண்டாம்.

சத்த அளவு போதவில்லை என்ற புகாரும் இதே வழியில் வரும். வீட்டு கன்சோல்களுக்கு சோனியின் வழிகாட்டுதல் சராசரியாக மைனஸ் 24 எல்யுஎஃப்எஸ் (காது உணரும் சத்தத்தை அளக்கும் அலகு), கையடக்கக் கருவிக்கு மைனஸ் 18. போனுக்கு நான் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

சில்லறைக் கோளாறுகள்

கேமரா காட்சி மாறும் கணத்தில் ‘கீச்’ என்று ஒரு சத்தம்: கேட்பவர் இருக்கும் இடம் ஒரே ஃபிரேமில் தாவியதால், அவர் ராக்கெட் வேகத்தில் பறந்ததாக எஞ்சின் நினைத்து, வேகத்துக்கேற்ப ஸ்ருதியை மாற்றும் டாப்ளர் கணக்குப் போடுகிறது. அந்த ஒலிக்கு டாப்ளர் அளவை 0 ஆக்குங்கள்.

மிஸ்ர சாபுவில் ஓடும் இரண்டு தாள அடுக்குகள் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன: கேமின் கடிகாரத்தை வைத்து இசையைத் தொடங்குகிறீர்கள். ஒரு ஃபிரேம் என்பதே 16.7 மில்லிவிநாடி, தவில்காரர் அவ்வளவு பிசகினால் கச்சேரியில் திரும்பிப் பார்ப்பார்கள். ஒலியின் கடிகாரத்தில் முன்கூட்டியே நேரம் குறித்து வையுங்கள். யூனிட்டியில் பிளேஷெட்யூல்டு அதற்காகவே இருக்கிறது.

கிரானுலர் மேகம் (ஒலியைத் துகள்களாக்கித் தூவிச் செய்தது) பம்பரம் போல் ரீங்கரிக்கிறது: துகள்கள் ஒரே சீரான இடைவெளியில் விழுகின்றன. இடைவெளியைக் கொஞ்சம் தாறுமாறாக்குங்கள்.

எல்லாம் சரிசெய்தாயிற்று, ஒலி செத்துவிட்டது

இதையும் ஒரு அறிகுறியாகத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் மாதம் ஒரு தடவையாவது வருகிறது. மூழ்கிய கோபுரத்தின் மணிக்கு நான் ஓவர்சாம்பிளிங் போட்டு, இண்டெக்ஸை அடக்கி, மடிந்த அலைகளை எல்லாம் விரட்டினேன். சுத்தமான மணி. அர்ச்சனைத் தட்டுக் கடையில் தொங்கும் புது மணி மாதிரி பளபளப்பு. நானூறு வருஷம் தண்ணீருக்குள் கிடந்த மணி அப்படியா கேட்கும்? கீழே இறங்கிய அந்த அந்நியக் குரல்தான் பாசி பிடித்த ஒலியைக் கொடுத்துக்கொண்டிருந்தது.

அதற்காகப் பழைய பேட்சை (சிந்தசைசரில் செய்து வைத்த அமைப்பை) அப்படியே கேமில் ஓட விட்டுவிடாதீர்கள். மடிப்பு எங்கே விழும் என்பது மாதிரி வேகத்தைப் பொறுத்தது. 48,000-இல் ஒரு குரல், வேறு வேகத்தில் ஓடும் போனில் இன்னொரு குரல். நான் செய்தது இது: கெட்ட பேட்சில் ஏழு ஸ்வரங்களை மட்டும் 48,000-இல் வாசித்து, ஒவ்வொன்றையும் வேவ் கோப்பாக எடுத்தேன். கோப்பாகிவிட்டால் அந்தக் கோளாறு எங்கே போட்டாலும் ஒரே மாதிரி கேட்கும். பிறகு சுத்தமான மணியை மேலேயும், கெட்ட மணியை 9 டெசிபெல் குறைத்து அடியிலும் வைத்து, ஆழம் கூடக் கூடக் கெட்டது மேலே வரும்படி கட்டினேன். கோப்புக்குப் பெயர் ‘மணி_பாசி_03’. முதல் இரண்டில் பாசி அதிகமாகிவிட்டது. கேட்டுப் பார்த்த தம்பி, பக்கத்துப் பட்டறையில் வேலை ஆரம்பித்துவிட்டார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.